தானா அடிக்கிற பெல்லு

அப்ப அந்த மூலை வீட்டுக்காரி மக ஓடிப்போகலங்குற? கோயம்புத்தூருக்கு வேலைக்குத்தான் போயிருக்காளா? ஆத்தாடி, நாகல் நகரே சேந்து அவளுக்குத் தாலி கட்டி வச்சுருச்சே! சரி, செத்த நேரம் உக்காரு தாயி. பாகக்காய அரிஞ்சுக்கிட்டே பேசுவோம்.

நேத்து எங்க வீட்டுல பெல்லு கத்துச்சே, கேட்டியா? அது எங்க வீட்டுக்காரரு, ஒங்க மாமாவுக்காக என் மகன் செஞ்சது. வாதம் வந்து அவருக்கு வாயும் போச்சு, வலது கையும் போச்சு. இடது கையில ரெண்டு வெரல்தான் அசையும். நான் அடுப்படியில நின்னா எப்படிக் கூப்பிடுவாரு, சொல்லு? அதுக்குத்தான் கட்டிலோரம் ஒரு தகடு. வெரல் பட்டாப் போதும், இங்க அடிக்கும்.

மகன் மில்லுல கரண்டு வேல பாக்குறானா, லீவு நாளானா வீட்டுலயும் அதே பைத்தியந்தான். ஜெராக்ஸ் கடையில வழவழன்னு ஒரு தாள்ல கோடு கோடா அச்சடிச்சுட்டு வந்தான். அதச் செம்பு ஒட்டுன அட்டை மேல கவுத்து, இஸ்திரிப் பெட்டிய வச்சு அமுக்குறான், அப்படி அமுக்குறான். மருமக விடுவாளா?

"என் சேலைய ஒருநா இப்படித் தேச்சுக் குடுத்திருக்கீகளா?"ன்னா.

தாள ஊறவச்சு உரிச்சா, மை மட்டும் செம்புல நிக்குது. அப்புறம் காப்பிக் கலருல ஏதோ மருந்துத் தண்ணி. அதுல போட்டு ஆட்டுனா, மை இல்லாத எடத்துச் செம்ப எல்லாம் தின்னுருது. அந்தக் கறை இன்னும் எங்க தொட்டியில கெடக்கு, வந்து பாரு. எனக்கு ஒரே சிரிப்பு. நான் பொறந்தது சின்னாளப்பட்டியில்ல?

"ஏப்பா, சுங்குடிச் சேலைக்கு மெழுகு அச்சு வைக்கிற மாதிரியில்ல இருக்கு? மெழுகு இருக்குற எடத்துல சாயம் ஏறாது"ன்னேன்.

"அதேதாம்மா. என்ன, ஒன் சேலைக்குள்ள கரண்டு ஓடாது"ன்னான்.

அந்த அட்டைதான் பெல்லுக்குப் போர்டாம். மாட்டுனதும் அடிச்சுச்சு தாயி, நல்லாத்தான் அடிச்சுச்சு. ஆனா காத்து நசநசன்னு ஆனாப் போதும், யாரும் தொடாமலே கத்தும். அடுப்ப அணைச்சுட்டு ஓடுவேன். அவரு சும்மா மேல பாத்துக்கிட்டுக் கெடப்பாரு. ஓடியாந்தது ஓடியாந்தாச்சுன்னு உக்காந்துருவேன். காலத் தேச்சுவிட்டுக்கிட்டே வெங்காய வெல, தண்ணி வராத கத, ஒன் மாமியா சண்ட எல்லாஞ் சொல்லுவேன். கோவிச்சுக்காத, அவரு யாருகிட்டப் போய்ச் சொல்லப் போறாரு? கண்ணு மட்டும் சிரிக்கும்.

மகன் பாத்தான். "ஓடி ஓடி ஒன் முட்டி தேஞ்சு போச்சும்மா. கம்பெனியில குடுத்து நல்ல போர்டாப் போட்டுருவோம்"ன்னான். கம்ப்யூட்டர்ல படத்த அனுப்புனான், கொரியர்ல வந்துருச்சு. ஒண்ணு மட்டும் கேட்டாப் போடமாட்டாகளாம், அஞ்சாத்தான் போடுவாகளாம். வெத்தல கணக்கா பச்சப் பசேல்னு, மேல வெள்ள எழுத்து வேற. தெருப் பூரா கொண்டுபோய்க் காட்டுனேனே, நீ கூடத் தடவிப் பாத்த.

"ஈரம் பட்டாலும் இது பொய்யா அடிக்காதும்மா"ன்னான்.

அடிக்கலதான். மொதல்ல அவரு தொட்டா அடிச்சுச்சு. பெறகு கொறஞ்சுச்சு. பெறகு இல்லவே இல்ல. போர்டு கெட்டுப் போச்சுன்னு மகனக் கூப்பிட்டேன். தகட்டுல வெரல வச்சான். கணீர்னு அடிக்குது.

"போர்டு நல்லாத்தாம்மா இருக்கு"ன்னான். சொல்லிட்டு என் மொகத்தப் பாக்கல, வாசலுக்குப் போயிட்டான்.

அவருக்குக் கூப்பிடணும்னே தோணல தாயி. அம்புட்டுதான்.

பெல்லு அடிக்கலயேன்னு ஒருநா வெஞ்சனம் வச்சு எறக்கிட்டு மெதுவாப் போனேன். தலகாணி நனஞ்சு கெடக்கு. வேர்வையா, கண்ணுத் தண்ணியான்னு நான் கேக்கல. கேட்டாச் சொல்லவா போறாரு?

மறுநாளே மகன்கிட்டச் சொல்லிட்டேன், பழசையே மாட்டுன்னு.

"அது பொய் சொல்லும்மா!"

"சொல்லிட்டுப் போகட்டும்ப்பா. அது கூப்பிட்டாத்தான் நான் எந்திரிச்சுப் போறேன்."

பச்சையக் கழட்டிட்டுப் பழசை மாட்டிட்டான். நேத்து தூத்தல் விழுந்துச்சுல்ல, அதான் அந்தக் கத்து கத்துச்சு. நாலு தடவ போய் உக்காந்தேன். மூலை வீட்டுக்காரி மக ஓடிப்போன கதையத்தான் சொன்னேன். இப்பப் போய் அத மாத்திச் சொல்லணும்.

இந்தா, அடிக்குது பாரு. ஈரமா, அவரு வெரலான்னு தெரியல. வெரலாக்கூட இருக்கலாம்ல? அந்தப் பாகக்காய மூடி வச்சுட்டுப் போ தாயி, அவரப் பொரட்டிப் படுக்க வைக்கணும். வாரேன், வாரேன்...