கடைசிப் பக்கத்துப் பெயர்கள்

இண்டைக்கு குவேக்கர்ஸ் ஹில்லில ஒரு சேர்ச்சின்ர பழைய புத்தக விற்பனைக்குப் போனனான். முழுக்க இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்கள், பட்டாளங்கள், பிஷப்மாரின்ர வரலாறு.

ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின்ர புத்தகத்தை விரிச்சன். சண்டையில செத்த பழைய மாணவர் எல்லாரின்ர பேரும் கடைசிப் பக்கங்களில இருக்கு, எங்க புதைச்சது எண்டதோட.

அங்க நிண்டே எங்கட ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத் தலைவருக்கு ஃபோன் அடிச்சன். "அண்ணை, இந்த வருச டின்னருக்கு அடிக்கிற மலரில, ஊரில ஷெல்லடியில செத்த எங்கட பெடியளின்ர பேரைப் போடுவமே?"

"ஐயோ தம்பி, அரசியல் வேண்டாம். விளம்பரம் தாறவை பயப்பிடுவினம். பழைய கிரிக்கெட் ஸ்கோர் எண்டால் போடலாம்."

என்னோட படிச்சு, பள்ளிக்கூட கிரிக்கெட் டீமில விளையாடின குகனை ஷெல் விழுந்த இடத்திலேயே குழி வெட்டித் தாட்டவை. மலரில அவன்ர பேர் வர வேற வழி தெரியேல்ல.

கடைசி மட்ச்சில அவன் எத்தினை ரன் அடிச்சவன் எண்டு ஆருக்கும் ஞாபகம் இருக்கோ?