கல்யாணப் பத்திரிகைக் கப்பல்

அந்தக் கப்பலுக்காக நான் வாங்கிய அடி, நியாயப்படி என் அக்கா வாங்க வேண்டியது. அவளிடமே பலமுறை சொல்லிவிட்டேன். சிரிக்கிறாளே தவிர, ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை.

எண்பதுகளின் தொடக்கம். எனக்குப் பத்து வயது. ஏற்காட்டில் ஏரிக்குப் போகிற வழியில் அப்பாவுக்கு மளிகைக் கடை, கடைக்குப் பின்னால் வீடு. அக்காவுக்குக் குப்பனூர் மாப்பிள்ளை முடிவாகிப் பத்திரிகையும் அடித்தாயிற்று. அம்மா உட்கார்ந்து ஒவ்வொன்றின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி முடித்த நேரத்தில் மாப்பிள்ளையின் தாத்தா இறந்துபோனார். வருசம் திரும்பட்டும் என்று கல்யாணத்தைத் தள்ளி வைத்தார்கள். அம்மா அழுதாள். அப்பா மலை இறங்கிக் குப்பனூர் போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வந்தார். அக்கா மட்டும் அன்றைக்கு இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். துக்கத்தில் சிலருக்குப் பசி எடுக்கும் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அக்காவுக்கு டீச்சர் டிரெயினிங் போக ஆசை. பெண் பார்க்க வந்த அன்றே மாப்பிள்ளையின் அம்மா, படித்தவரைக்கும் போதும் என்று சொல்லிவிட்டார். அப்பாவும் தலையாட்டிவிட்டார். அக்காவை யாரும் கேட்கவில்லை. கடைக்குத் தராசு வாங்கும்போதுகூட அப்பா நாலு பேரைக் கேட்டார்.

பத்திரிகைகளை அவர் வீணாக்க விடவில்லை. புதுத் தேதியைத் துண்டுத் தாளில் அடித்து மேலே ஒட்டிக்கொள்ளலாம் என்று கட்டோடு டிரங்குப் பெட்டியில் வைத்தார்.

அந்த வருசம் எங்கள் பள்ளிக்கூடத்தில் பொருட்காட்சி வைத்தார்கள். டீச்சர் ஒரு பழைய வார இதழிலிருந்து கிழித்த பக்கத்தை எனக்குக் கொடுத்தார். மூன்று பாய்மரம் வைத்த கப்பலை அட்டையில் செய்வது எப்படி என்று பாகம் பாகமாகப் படம் போட்டிருந்தது. எங்கள் வீட்டில் ஒருத்தரும் கடலைப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த கப்பல் ஏரியில் மிதிக்கும் படகுதான். ஆனாலும் முதல் பரிசு எனக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அட்டைக்குத்தான் வழியில்லை.

அக்கா போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து பத்திரிகைக் கட்டைத் தூக்கி வந்தாள்.

"அப்பா வையுமே அக்கா."

"எம் பேரு போட்ட பத்திரிகைதானே? நான் தரேன், நீ வெட்டு கண்ணு."

வெட்டினோம். படத்தில் மீனின் முள்ளைப் போல அடியில் ஒரு நீளக் கட்டை, அதிலிருந்து இரண்டு பக்கமும் வளைந்த சட்டங்கள். ஒரு சட்டத்துக்கு ஐந்தாறு பத்திரிகையை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால்தான் கெட்டியாக நிற்கும் என்றாள் அக்கா. மைதாப் பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்தாள். ஏற்காட்டுப் பனிக்குப் பசை எங்கே காய்கிறது? காலையில் ஒட்டியது சாயங்காலம் தொளதொளவென்று பிரிந்து வரும். அம்மா கடைக்குப் போனதும் அடுப்புக்கு மேலே கயிறு கட்டிச் சட்டங்களைத் தொங்கவிட்டோம். துடைப்பக்குச்சிமேல் தாளைச் சுருட்டிப் பாய்மரம். தையல் நூலில் கயிற்றேணி. மஞ்சள் மூலைகளை மட்டும் தனியாக நறுக்கி, கப்பலைச் சுற்றிப் பட்டையாக ஒட்டினாள். தங்கக் கரை வைத்த மாதிரி இருந்தது. பத்திரிகையின் உச்சியில் இருந்த பிள்ளையாரைக் கத்திரி படாமல் எடுத்து முனையில் உட்கார வைத்தாள்.

கப்பல் முடிந்தும் கால் கட்டு மிச்சம் இருந்தது. அதையும் விரல் அகலத்துக்கு நறுக்கித் தள்ளினாள்.

"இது எதுக்கு?"

"எங்கியாச்சும் உடைஞ்சா ஒட்டோணுமல்ல."

ஒரே ஒரு விசயத்தில்தான் எங்களுக்குச் சண்டை. பாய்க்கு வெள்ளைப் பக்கம் வெளியே வர வேண்டும் என்றேன் நான். பாய் வெள்ளையாக இருக்கும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவள் அச்சடித்த பக்கத்தை வெளியே வைத்து ஒட்டினாள். நான் அழுதுகொண்டே கிள்ளினேன். கிள்ளு வாங்கிக்கொண்டே ஒட்டினாள்.

முடிகிற வரைக்கும் யார் கண்ணும் படக்கூடாது என்று சொல்லி அதைப் பழைய சேலை போட்டு மூடி வைத்திருந்தாள். அது சீசன் நேரம். அம்மாவும் அப்பாவும் கடையை விட்டு நகர முடியவில்லை. பள்ளிக்கூட வேலை என்று விட்டுவிட்டார்கள்.

பொருட்காட்சிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, புதுத் தேதி குறிக்க மாப்பிள்ளை வீட்டார் குப்பனூரிலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். அக்கா காப்பி கொடுத்துவிட்டு என்னிடம் குனிந்து சொன்னாள்: "உன்ற கப்பலக் கொண்டாந்து அத்தைக்குக் காட்டு கண்ணு."

கேட்கவா வேண்டும்? சேலையை உருவிவிட்டு இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் அவர்கள் முன்னால் வைத்தேன்.

"அடேயப்பா! நொம்ப நல்லா இருக்குதே. யாரு சாமி செஞ்சது?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"நானே செஞ்சேனுங்க."

அக்கா பெயரை நான் சொல்லவில்லை. புகழ்ச்சியில் பங்கு கொடுக்க மனசு வரவில்லை. மாப்பிள்ளையின் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெரிய பாயை எழுத்துக் கூட்டிப் படித்தார். "திருவளர்ச்செல்வன்..." அதற்குக் கீழே அவர் மகனின் பெயர் பாதி இருந்தது. மீதிப் பாதி பின்பாயில் இருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஏனுங்க, பெரியவரு போயி வருசம் திரும்பல," என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "அதுக்குள்ள எம் பையன் பேர ரெண்டா வெட்டி வெச்சிருக்கீங்களே. இந்த ஊட்டுல பொண்ணெடுத்தா வெளங்குமுங்களா?"

"கொழந்த தெரியாம செஞ்சுபோடுச்சுங்க. ஒக்காருங்க சம்பந்தி," என்று அப்பா கையைக் கூப்பிக்கொண்டு வாசல்வரை ஓடினார். அவர்கள் உட்காரவில்லை. காப்பி பாதியில் கிடந்தது.

திரும்பி வந்த அப்பா என் முதுகில் வைத்தார். புகழ்ச்சி முழுசாக எனக்கு வந்ததால் அடியும் முழுசாக வந்தது. அம்மா குறுக்கே விழுந்து தடுத்தாள். அக்கா கதவோரம் நின்று கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அதையும் தூக்கி எறிந்தார். அத்தனை பத்திரிகை ஒட்டிய உடம்பு, லேசில் உடையுமா? ஒரு பாய்மரம் மட்டும் ஒடிந்தது. மறுநாள் அக்கா அதைச் சரிசெய்து கொடுத்தாள்.

பொருட்காட்சியில் பரிசு எரிமலை செய்தவனுக்குப் போயிற்று. களிமண் குவியலில் சாம்பிராணி புகைய வைத்தால் எரிமலையாம். "கப்பல் அருமை. பாயில் ஏம்மா கல்யாணப் பத்திரிகை?" என்று டீச்சர் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

குப்பனூர் வீட்டில் வேறு பெண் பார்த்துவிட்டார்கள். நின்றுபோன கல்யாணத்துக்குப் பிறகு உடனே யார் வருவார்கள் என்று அப்பா சலித்துக்கொண்டு, அடுத்த வருசம் அக்காவைச் சேலத்தில் டிரெயினிங் சேர்த்துவிட்டார். ஹாஸ்டலுக்குப் போகும்போது அவள் கப்பலைக் கேட்டாள். தர மாட்டேன் என்றேன். என் பேச்சைக் கேட்காமலே எடுத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர், "ஏனுங்கம்மிணி, கப்பலுக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?" என்று கேட்க, பஸ்ஸே சிரித்தது. அக்கா எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளைப் பக்கத்தை வெளியே வைத்து ஒட்டியிருந்தால் முதல் பரிசு எனக்குத்தான். இவ்வளவு சின்ன விசயம்கூடத் தெரியாதவள் டீச்சராகி என்னத்தைச் சொல்லிக்கொடுக்கப் போகிறாள் என்று, பஸ் வளைவில் மறைகிற வரைக்கும் அவளைத் திட்டிக்கொண்டே நின்றேன்.