துரை தூங்கிய முதல் பாதி

இரண்டு சீசனுக்கு முன்னால், குற்றாலத்தில் சாரல் நன்றாகப் பிடித்திருந்த ஒரு ஆனி மாதத்தில் நடந்தது இது. ஐந்தருவி போகும் சாலையில் உள்ள ஒரு லாட்ஜில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருப்பவள் நான். அறை கேட்டு வருகிறவர்களுக்குச் சாவி கொடுப்பது, வெந்நீர் வரவில்லை என்று சண்டைக்கு வருகிறவர்களைச் சமாளிப்பது, குரங்கு பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டதே என்று கண் கலங்குகிறவர்களுக்கு ஆறுதல் சொல்வது, எல்லாம் என் தலையில்தான். சீசன் வந்துவிட்டால் மூச்சு விடக்கூட நேரம் இருக்காது.

என் வீட்டுக்காரருக்குத் தென்காசியில் எலக்ட்ரிக்கல் கடை. ஆனால் அவரிடம் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டால் நடுக்கள ஆட்டக்காரர் என்றுதான் சொல்வார், கடை ஞாபகம் வருவதற்கு இன்னும் கொஞ்சம் நேரம் ஆகும். பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்த கால்பந்து, நாற்பத்து நாலு வயதாகியும் விட்டபாடில்லை. எங்கள் தென்காசி ஆட்களுக்கும் செங்கோட்டை ஆட்களுக்கும் வருடா வருடம் சீசன் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடக்கும். அணிக்கு ஏழு பேர். அதில் ஒருவர் வெளியூர்க்காரராக இருக்கலாம், அவருக்குக் கெஸ்ட் என்று பெயர். செங்கோட்டைக்காரர்களுக்கு மலை தாண்டினால் கேரளம். புனலூர்ப் பக்கமிருந்து யாராவது ஒரு புலியைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். எங்கள் பக்கத்துக் கெஸ்ட், அணித் தலைவர் அண்ணாச்சியின் மச்சினனாக இருப்பார். முடிவு என்னவாக இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கு முந்தைய வருட ஆட்டத்தில் என் வீட்டுக்காரருக்கு முழங்கால் பிசகிவிட்டது. பிசகியது என்றால் சும்மா இல்லை, ஒரு மாதம் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய்க் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தேன். திருநெல்வேலி டாக்டர் பந்து பக்கமே போகக்கூடாது, இன்னொரு தடவை போனால் அறுவை சிகிச்சைதான் என்று சொல்லிவிட்டார். நானும் என் பங்குக்குச் சொன்னேன், "இனிமே பந்தைத் தொட்டீங்கன்னா நான் கடையத்துக்குப் போயிருவேன், பாத்துக்கோங்க." கடையம் என் பிறந்த வீடு. அவரும் சத்தியம் செய்தார். ஆனால் அடுத்த சீசன் நெருங்க நெருங்க மொட்டை மாடியில் 'டொக் டொக்' என்று சத்தம் கேட்க ஆரம்பித்தது. போய்ப் பார்த்தால் மனுஷன் துணி காயப்போட வந்ததாகச் சொல்வார். கையில் ஒரு துணியும் இருக்காது.

அந்தச் சமயத்தில்தான் செக் நாட்டிலிருந்து ஒரு விருந்தாளி எங்கள் லாட்ஜுக்கு வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், நாற்பதைத் தொடும் வயது, மண்டையில் முடி ரொம்பக் கொஞ்சம். கேரளத்தில் கால்வலிக்கு வைத்தியம் பார்த்துவிட்டு, மலைக்குள் போகும் ரயிலைப் பார்க்க ஆசைப்பட்டு ஏறியவர், அருவி பார்க்க இங்கே இறங்கிவிட்டார். இரண்டு நாள் என்று அறை எடுத்தவர் போகவே இல்லை.

ஒரு காலை அவர் மங்குஸ்தான் வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறும்போது ஒரு குரங்கு பையைக் கிழித்துவிட்டது. பழமெல்லாம் படியில் உருண்டு வந்தது. மற்றவர்களாக இருந்தால் கூச்சல் போட்டிருப்பார்கள். இவர் உருண்டு வந்த ஒரு பழத்தைச் செருப்புக் காலால் நிறுத்தி, மேலே எத்தி, முழங்காலில் ஒரு தட்டுத் தட்டி, கையில் பிடித்து என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். என் வீட்டுக்காரரோடு பதினேழு வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு அது என்ன என்று தெரியாதா?

சாயங்காலம் டீ கொடுத்து அனுப்பும் சாக்கில் பேச்சுக் கொடுத்தேன். என் இங்கிலீஷும் அவர் இங்கிலீஷும் ஏறத்தாழ ஒரே தரம், அதனால் நன்றாகப் புரிந்தது. பதினேழு வயதில் ஊர்க் கிளப்பில் ஆரம்பித்து, தலைநகரத்துப் பெரிய கிளப்புக்குப் போய், பக்கத்து நாட்டில் சில வருடம் ஆடி, பிறகு ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கிச் சின்ன ஊர்க் கிளப்பில் வந்து முடித்திருக்கிறார். போனில் படம் காட்டினார். முதல் படத்தில் காடு மாதிரி முடி. சட்டையின் நிறம் மாற மாற முடியும் குறைந்துகொண்டே வந்தது. கடைசிச் சட்டையில் மண்டை பளபள என்று இருந்தது. நான் சிரிப்பை அடக்கப் பார்த்தேன், அவரே தலையைத் தடவிச் சிரித்துவிட்டார்.

எனக்கு உடனே மூளை வேலை செய்தது. இவரைக் கெஸ்ட் ஆக்கி நடுக்களத்தில் நிறுத்திவிட்டால் அண்ணாச்சிக்கும் சந்தோஷம், என் வீட்டுக்காரர் முழங்காலும் பிழைக்கும். அவரிடம் விஷயத்தைச் சொல்லிக் கேட்டேன். உடனே சரி என்று சொல்லவில்லை. உங்கள் கணவருடைய கடைசி ஆட்டம் எது என்று கேட்டார். போன வருடம் கால் போன ஆட்டம்தான் என்றேன். அதுதான் கடைசி என்று ஆடும்போது அவருக்குத் தெரியுமா என்று கேட்டார். அது எப்படித் தெரியும் என்று சிரித்தேன். அவர் தன் கதையைச் சொன்னார். மழை பெய்த ஒரு சாதாரண நாள். பாதி ஆட்டத்தில் கால் வலித்தது. அடுத்த வாரம் ஆடிக்கொள்ளலாம் என்று பயிற்சியாளர் உட்காரச் சொன்னார். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. அத்தனை வருடம் ஆடியவர் பெஞ்சில் உட்கார்ந்து ஆரஞ்சுப்பழம் தின்றுகொண்டிருந்தபோது அவர் ஆட்டம் முடிந்துவிட்டதாம். நான் 'பாவமே' என்றேன். அதற்குள் ஒரு குடும்பம் வெந்நீர் வரவில்லை என்று வாளியோடு வந்து நின்றது. திரும்பி வந்து பார்த்தபோது அவர், "ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்" என்றார்.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் முதலில் நம்பவில்லை. "ஐரோப்பாக்காரன் நம்ம டீம்ல ஆடுதானா? ஏட்டி, நிசமாத்தான் சொல்லுதியா?" என்று நாலு தடவை கேட்டார். அண்ணாச்சிக்குப் போன் போட்டார். ஊரெல்லாம் சொன்னார், வெள்ளைக்காரர் என்பதால் ஊர் அவருக்குத் துரை என்று பெயரும் வைத்துவிட்டது. பிறகு பீரோவிலிருந்து தன் எட்டாம் நம்பர் சட்டையை எடுத்து, தானே உட்கார்ந்து இஸ்திரி போட்டார். கல்யாணத்துக்கு வேட்டியைக்கூட நான்தான் தேய்த்துக் கொடுக்க வேண்டும், அந்த மனுஷன் சட்டையின் கைமடிப்பை நீவி நீவி விட்டுக்கொண்டிருந்தார். தொரைக்குக் கொடுத்துரு என்று என்னிடம் தந்தபோது முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. கால்தான் முக்கியம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, சட்டையைத் துரையிடம் கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அண்ணாச்சி பரிவாரத்தோடு லாட்ஜுக்கு வந்துவிட்டார். அண்ணாச்சிக்குப் பழக்கடை. விருந்தாளி குற்றாலம் வந்துவிட்டு எண்ணெய் தேய்க்காமல், அருவியில் தலையைக் கொடுக்காமல், புரோட்டா சாப்பிடாமல் திரும்பினால் அது ஊருக்கே அவமானம் என்று நினைக்கிற ஆள். ஆட்டத்தன்று ஒரு ஆட்டக்காரனுக்கு இதையெல்லாம் செய்யலாமா என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. துரையைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கிறவர் அவரைச் சப்பாத்தி மாவு மாதிரி உருட்டிப் பிசைந்தாராம். அப்புறம் ஐந்தருவியில் ஒரு மணி நேரம். அப்புறம் இலை போட்டுப் புரோட்டா, மிளகுக் கோழி. மதியம் கொண்டுவந்து விட்டபோது துரை கண்கள் இரண்டும் சொருகியிருந்தன.

"தங்கச்சி, தொரை கொஞ்சம் படுத்து எந்திரிக்கட்டும். மூணரைக்கு ஆட்டோ வரும், எழுப்பி அனுப்பிரு" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி போனார்.

எண்ணெய் தேய்த்து, அருவியில் குளித்து, புரோட்டா சாப்பிட்டவனை எழுப்ப யாரால் முடியும்? மூன்றரைக்குக் கதவைத் தட்டினேன். உள்ளே குறட்டை. பலமாகத் தட்டினேன். குறட்டை இன்னும் பலமானது. பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சரி என்று கீழே வந்தால் என் மேஜை மேல் அந்த எட்டாம் நம்பர் சட்டை, மடிப்புக் கலையாமல் இருந்தது. எப்போது வைத்தார் என்று யோசிக்க நேரமில்லை, போன் அடித்தது.

"என்னட்டி, தொரை எங்க?" என்றார் என் வீட்டுக்காரர்.

"தூங்குதாரு."

"தூங்குதாரா?"

அண்ணாச்சி போனைப் பிடுங்கினார். "தங்கச்சி, இங்கன ஆறு பேருதான் நிக்கோம். ஒரு பய அருவில போலீஸ் டூட்டி, எம் மச்சினன் துபாய்க்குப் போய்ட்டான். செங்கோட்டைக்காரன் சிரிக்கான். உன் மாப்பிள்ளைய எறங்கச் சொன்னா, உங்கிட்ட சத்தியம் பண்ணிருக்கேன்னு கல்லு மாதிரி உக்காந்திருக்காரு. நான் என்ன செய்ய?"

எனக்குக் கோபம் துரை மேல், அண்ணாச்சி மேல், அந்தப் புரோட்டாக் கடைக்காரர் மேல். ஆனால் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறார் என்ற வார்த்தை எங்கேயோ போய்த் தைத்தது. மாடிக்கு ஒளிந்து ஒளிந்து போகிற மனுஷன், கெஞ்சாமல், போன் போட்டு அனுமதிகூடக் கேட்காமல் உட்கார்ந்திருக்கிறார். வெளியே நின்ற ஆட்டோவில் சட்டையை எடுத்துக்கொண்டு நானே ஏறினேன். மைதானத்துக்குப் போய் அதை அவர் மடியில் போட்டேன்.

"பத்து நிமிசம். தொரை வந்ததும் வெளிய வந்துரணும்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை, கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

பத்து நிமிடம் போனது, துரை வரவில்லை. முதல் பாதி முழுவதும் என் முந்தானை என் கையில் கயிறாகத் திரிந்துவிட்டது. அவர் ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் எனக்கு முழங்கால் வலித்தது. செங்கோட்டைக்காரர்கள் இரண்டு கோல் போட்டார்கள். எங்கள் பக்கம் ஒன்றும் இல்லை. ஆனால் சாரலில், சேற்றில், மூச்சு வாங்கிக்கொண்டு அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். அந்த ஒரு வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இடைவேளையில் இன்னொரு ஆட்டோ வந்து நின்றது. துரை இறங்கினார். ஷூ கட்டி, சாக்ஸ் இழுத்து, சொந்தச் சட்டையில் வந்திருந்தார். உடம்பெல்லாம் எண்ணெய் வாசம். நான் என் வீட்டுக்காரரை வெளியே வரச் சொன்னேன். துரை கையை நீட்டித் தடுத்தார். கால் பிடித்துக்கொண்டு படுத்திருந்த எங்கள் ஆள் ஒருவரைக் காட்டி, நான் அவருக்குப் பதில் என்றார். பிறகு என் வீட்டுக்காரர் தோளில் கை போட்டு, நீ ஓடாதே, நின்றுகொள், பந்தை நான் கொண்டுவருகிறேன் என்றார். என்னைப் பார்த்து, முழங்காலுக்கு நான் பொறுப்பு என்பது போல நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். நான் ஓரமாகப் போய் நின்றுகொண்டேன்.

இரண்டாம் பாதியில் துரையும் அதிகம் ஓடவில்லை. ஆனால் பந்து அவரைத் தேடிக்கொண்டு வந்தது. அவர் கால் பட்டதும் நம் ஆள் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது. முடியும் நேரத்தில் ஒரு பந்து கோலுக்கு முன்னால், ஓட முடியாமல் அங்கேயே மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரர் காலடிக்கு வந்தது. அவர் செய்ததெல்லாம் காலை நீட்டியதுதான். உள்ளே போய்விட்டது. ஆட்டத்தில் தோற்றோம், இரண்டுக்கு ஒன்று. எங்கள் ஆட்கள் கோப்பையை ஜெயித்தது போலக் குதித்தார்கள், செங்கோட்டைக்காரர்களுக்கே குழப்பமாகிவிட்டது.

விசில் ஊதியதும் துரை இரண்டு அணிகளையும் கூப்பிட்டு எதிரெதிராக வரிசையில் நிறுத்தினார். எங்கள் நாட்டில் ஒருவர் ஆட்டத்தை முடித்துக்கொள்ளும்போது இப்படித்தான் என்றார். புனலூர்ப் புலியும் நின்றார். என் வீட்டுக்காரர் நடுவில் நடந்து வந்தார், எல்லோரும் கை தட்டினார்கள். சேறு வழிந்த முகத்தோடு நேராக என்னிடம் வந்து சட்டையைக் கழற்றிக் கையில் கொடுத்தார்.

"போதும்ட்டி. இது போதும்" என்றார். நான் அழுதேன், மழை என்று சமாளித்தேன்.

திரும்பும்போது அண்ணாச்சியிடம் ஆற்றாமையாக, இப்படியா ஒரு மனுஷனுக்குப் புரோட்டாவைத் திணிப்பீர்கள் என்று கேட்டேன். அவர், "எங்க தங்கச்சி தின்னாரு? ஒன்ன பிச்சுப் போட்டுக் கொறிச்சாரு, மிச்சத்த எங்க எலையில தள்ளிட்டாரு" என்றார். அப்போதுதான் மேஜை மேல் இருந்த சட்டை நினைவுக்கு வந்தது. ஆடப்போகிறவன் சட்டையை அறையில் அல்லவா வைத்திருப்பான்?

மறுநாள் சாவியைக் கொடுக்க வந்தவரிடம் நேரடியாகவே கேட்டேன், நீங்கள் தூங்கினீர்களா, இல்லையா? அவர் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு சொன்னார், "நடுக்கள ஆட்டக்காரனுடைய வேலையே அடுத்தவனுக்கு இடம் விடுவதுதான் அம்மா." பிறகு ஒரு குறட்டை விட்டுக் காட்டிவிட்டு ரயிலுக்குப் போனார்.

இப்போது அந்த ஆட்டத்துக்கு விசில் ஊதுகிறவர் என் வீட்டுக்காரர், விசிலை வாங்கிக் கொடுத்தது நான். மாடியில் 'டொக் டொக்' கேட்டு இரண்டு வருடமாகிறது. அவர் விட வேண்டும் என்று நான் நினைத்ததில் தப்பே இல்லை. ஆனால் ஒருவரிடம் எதையாவது, அது எவ்வளவு நல்லதற்காக இருந்தாலும், நிறுத்தச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், மூடிய கதவுக்குப் பின்னால் கேட்ட அந்தப் பொய்க் குறட்டை எனக்குக் கேட்கிறது. அவரே முடித்துக்கொள்ள இன்னும் ஒரு பாதி ஆட்டம் விட்டுவைத்தோமா என்று ஒரு தடவை யோசித்துக்கொள்கிறேன்.