மந்திரியின் காது

தெருவில் அவளுக்கு வைத்த பெயர் ‘காயட்டும்’. யார் எதைக் கேட்டாலும் அவள் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான். படம் முடிந்ததா? காயட்டும். சாப்பிட வருகிறாயா? காயட்டும். நாற்பத்தொரு வயதில் ஒருத்திக்கு இதைவிடப் பொருத்தமாகப் பெற்றவள்கூடப் பெயர் வைத்திருக்க முடியாது.

பகலில் கால்நடை மருத்துவமனையில் சீட்டு எழுதிக் கொடுக்கும் வேலை. மிச்ச நேரத்தில் அங்கே வருகிற நாய், பூனை, ஆடுகளை வரைவாள். அவள் வரைகிற முறை பார்ப்பவனின் பொறுமையைச் சோதித்துவிடும். முதலில் தண்ணீரில் கரையாத மையால் கோடு. அதன்மேல் அடி தெரிகிற வண்ணம், வெறும் தண்ணீரோ என்று சந்தேகப்படும் அளவுக்கு நீர்த்தது. மஞ்சள் ஒரு பூச்சு. அது காய்ந்தபின் செம்பழுப்பு. அதுவும் காய்ந்தபின் நிழல் விழும் இடத்தில் மட்டும் நீலம். கீழே போட்டதெல்லாம் மேலே தெரிய வேண்டும், அப்போதுதான் தோலுக்குள் உயிர் இருப்பதாகத் தோன்றும். காய்ந்ததா என்று புறங்கையைத் தாளில் வைத்துப் பார்ப்பாள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம். அவசரப்பட்டால் எல்லாம் கலந்து சேறுதான். கடைசியில் மெழுகுப் பென்சிலால் ரோமம். மெழுகு பட்ட இடத்தில் அப்புறம் வண்ணம் ஒட்டாது. அதற்குப் பிறகு பிழை கண்டால் புதுத் தாளில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஒரு படத்துக்கு இரண்டு வாரம் ஆகும்.

மூன்று வருடத்துக்கு முன் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். அன்றிலிருந்து கட்டிலே கதி. மாடியில் இருக்கும் வீட்டுக்காரப் பெரியம்மா, யாரும் கேட்காமலே, இவள் வேலைக்குக் கிளம்பும் நேரத்துக்கு இறங்கி வந்து சாயங்காலம் வரை கூட உட்கார்ந்திருப்பாள். பேப்பர் படித்துக் காட்டுவாள், சண்டை போடுவாள். இருவரும் சேர்ந்து தெருவில் ஒருவரையும் விட்டுவைப்பதில்லை.

அப்போதுதான் வேறு ஊரிலிருந்து அந்த வேலை வந்தது. குழந்தைகள் புத்தகம் போடும் அலுவலகம், இருநூறு விலங்குகள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்த் தங்க வீடு. இருபது வயதிலிருந்து அவள் ஆசைப்பட்டது இது ஒன்றுக்குத்தான். பெரியம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“தாராளமா போயிட்டு வாம்மா. போறதுக்கு முன்னால என் மந்திரிய மட்டும் வரைஞ்சு குடுத்துடு.”

மந்திரி என்பது பெரியம்மாவின் நாய், செத்து ஆறு வருடம் ஆகிறது. மூன்று வருடம் அம்மாவுக்குத் துணையிருந்தவளுக்கு ஒரு நாய்கூட வரைந்து கொடுக்காமல் போனால் அதைவிட நன்றிகெட்டதனம் உண்டா?

முதல் படத்தைப் பார்த்து, நிறம் வேறு என்றாள் பெரியம்மா. இரண்டாவதில் கண் சரியில்லை. புத்தகக்காரர் ஒரு தவணை கொடுத்தார். “இதுக்கு மேல முடியாதுங்க. ஒண்ணாம் தேதி காலைல நீங்க இங்க இருக்கணும்” என்றார். முன்னால் போனால் கடிக்கும், பின்னால் வந்தால் உதைக்கும் என்பார்களே, செத்துப்போன நாயிடம் அப்படி மாட்டிக்கொண்டவள் இவள் ஒருத்திதான்.

மூன்றாவது மந்திரியை மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைந்தாள். வெயில் வரும் ஜன்னல் அம்மாவின் அறையில்தான். அதனால் ஒவ்வொரு பூச்சும் அம்மாவின் கால்மாட்டில் சாய்ந்தபடியேதான் காய்ந்தது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை, கடைசி ரோமத்தைப் போட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். தப்பு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. தன் வேலையை அவள் அப்படி நினைத்தது அதுதான் முதல் தடவை.

மாடிக்கு எடுத்துப் போனாள். பெரியம்மா வெகுநேரம் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

“காது... காது சரியில்லம்மா.”

இவள் படத்தை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். அறைக்குள் நுழைந்ததுதான் தாமதம், கட்டிலிலிருந்து அம்மாவின் குரல்.

“காதுதானே? ஒரு காதத் திருத்த எவ்ளோ நேரம் ஆயிடப்போகுது?”

அவள் அப்படியே நின்றாள்.

“நான் இன்னும் வாயே தொறக்கலயே. காதுன்னு உனக்கு யாரு சொன்னா?”

அம்மா போர்வையின் ஓரத்தை இழுத்து இழுத்து நேராக்கினாள். நேராக இருந்ததையே நேராக்கினாள்.

“நான்தான் நேத்து அவங்கள சொல்லச் சொன்னேன்.”

“நிறமும் நீதானா?”

“ஆமா.”

“கண்ணு?”

“கண்ணு அவங்களே சொன்னது. நீ போட்டது நெஜமாவே மாறுகண்ணாதான் இருந்துச்சு.”

வேறு நாளாக இருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்பார்கள்.

“ஏம்மா?” என்றாள்.

“அங்க நீ காலைல போயிட்டா யாருடி என் பக்கத்துல இருப்பா? சுவத்தப் பாத்துப் பேசணுமா? போகாதன்னு சொல்ல எனக்கு வாய் வரல. இந்தத் தடவ எதையாச்சும் நீயே தப்பாப் போட்டுடுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அது நாளுக்கு நாள் எந்திரிச்சு உக்காருது. வாலாட்டாத கொற ஒண்ணுதான். எனக்குப் பயமாயிடுச்சு.”

இத்தனை வருடத்தில் அவள் படத்தை இதைவிட நன்றாக யாரும் பாராட்டியதில்லை. அது அவளுக்கு ஒரு மண்ணுக்கும் உதவாத பாராட்டு.

கத்த வேண்டும் போலிருந்தது. அம்மாவைக் கட்டிலோடு தூக்கி வண்டியில் ஏற்றிவிடலாம், தடுக்க யாருமில்லை. ஆனால் இருநூறு விலங்கு வரைந்து முடியும்வரை ஒருத்தி சுவரோடு பேசிக்கொண்டிருப்பாள். அது தெரிந்த பிறகு எந்த வண்ணத்தைப் பூசினாலும் அடியில் அதுதான் தெரியும். புத்தகக்காரருக்குப் போன் செய்தாள்.

“மன்னிச்சுக்குங்க சார். வேற யாரையாவது பாத்துக்குங்க.”

அம்மா கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள்.

“கோவமாடி?”

“ஆமா. ரொம்ப.”

சொல்லிவிட்டு அம்மாவின் முதுகுக்குக் கை கொடுத்துப் புரட்டி, விரிப்பை மாற்றினாள். மந்திரியைச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள். பிறகு பலகையில் புதுத் தாளை ஒட்டி, மறுபடி ஒரு நாய்க்குக் கோடு போட்டு, மஞ்சளைக் கரைத்துப் பூசிக் கால்மாட்டில் சாய்த்து வைத்தாள். மாடியில் காது சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள், வரைந்துதானே ஆக வேண்டும்?

“எப்ப முடியும்?” என்றாள் அம்மா, மெதுவாக.

அவள் புறங்கையைத் தாளில் வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.