கிற்றாருக்குள் போட்ட அரிசி

நம்ப முடியாதவர்கள் நம்பாமல் விடலாம். ஆனால் இது நடந்தது. நள்ளிரவில் அல்ல. இணுவிலில், கோயில் மணி கேட்கும் தூரத்தில், ஒரு வெள்ளிக்கிழமை பட்டப்பகலில் நடந்தது. அன்றைக்குப் பிறகு அருந்ததி தன் வேலையறையில் அரிசி வைப்பதில்லை.

கிற்றார்களில் சிப்பி பதிப்பது அவளுடைய தொழில். சிப்பியை மெல்லிய வாளால் பூவாகவோ மயிலாகவோ அறுத்தெடுப்பாள். மரத்தில் அதே வடிவில் பள்ளம் தோண்டி, பசை பூசி, அழுத்தி, அரத்தால் தேய்த்துவிடுவாள். தடவிப் பார்த்தால் மரம் எது, சிப்பி எது என்று விரலுக்குத் தெரியாது.

தொண்டைமானாற்றிலிருந்து வந்த நிருஷன் கடற்றொழில் செய்பவன். வலையில் அகப்பட்ட சிப்பிகளைத் தானே கழுவிக் காயவைத்து, தன் கிற்றாரோடு கொண்டுவந்து கொடுத்தான். கிற்றாரின் நடுவிலுள்ள வட்டத் துளைக்கு இரு பக்கமும் ஒவ்வொரு மீன் வேண்டும் என்றான். முதல் மீனைப் பதிக்கும்போது பக்கத்திலேயே குந்தியிருந்து பார்த்தான்.

"அக்கா, இது என்ரை மனிசி. மற்றது நான். நான் நிக்கேக்கைதான் என்னைப் பதிக்கோணும். இல்லாட்டி வாலைத் தலையாக்கிப் போடுவியள்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனான்.

அடுத்த கிழமை கடலுக்குத் தனியே போனவன் திரும்பவில்லை. மறுநாள் வெறும் படகு மட்டும் அகப்பட்டது. ஊர் முழுவதும் தேடிக் களைத்தது. தர்ப்பையில் உருவம் செய்து கிரியையை முடித்துவிடலாம் என்று பெரியவர்கள் கதைக்கத் தொடங்கினார்கள். அவனுடைய மனைவி தனுஷிகா ஒரேயடியாக மறுத்துவிட்டாள். உயிரோடு இருப்பவருக்கு என்ன கிரியை என்று கேட்டாளாம்.

ஒரு கிழமை கழிந்து, வியாழக்கிழமை அவள் அருந்ததிக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, நாளைக்கு எங்கடை கலியாண நாள். அந்த மீனைப் பதிச்சு வையுங்கோ. அவர் வருவார்."

"ஓம் தங்கச்சி. செய்து வைக்கிறன்."

அந்தப் பிள்ளைக்குத் தன்னால் வேறு என்ன செய்ய முடியும்? கடவுள் தன் கைக்குள் அடங்கும் காரியத்தைத்தான் தன்னிடம் கேட்கிறார் என்று அருந்ததி நினைத்துக்கொண்டாள். வெள்ளி காலையில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்கினாள்.

இரண்டாவது மீன் பள்ளத்தில் ஒட்டவில்லை. எடுத்துப் பார்த்தாள். பல நாள் உலர்ந்து கிடந்த சிப்பி ஈரமாக இருந்தது. துடைத்தாள். மறுபடியும் ஈரம். அறைக்குள் கடல் மணத்தது. இணுவிலுக்குக் கடல் காற்று வராது.

"கோவிக்காதை தம்பி. தனுஷிகாவுக்காகத்தான்" என்றாள் மெதுவாக. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மீன் ஒட்டிக்கொண்டது.

தேய்த்து முடித்தபோது கோயிலில் உச்சிக்காலப் பூசை மணி அடித்தது. சிப்பித் தூள் துளை வழியே கிற்றாருக்குள்ளும் கொட்டியிருந்தது. அதை எடுக்க அவளிடம் ஒரு வழி உண்டு. ஒரு கைப்பிடி பச்சையரிசியை உள்ளே போட்டுக் குலுக்குவாள். கவிழ்த்தால் அரிசி தூளையும் சேர்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும். எத்தனையோ கிற்றார்களுக்கு அப்படிச் செய்திருக்கிறாள்.

ஒரு கைப்பிடி போட்டாள்.

அரிசி விழும் சத்தம் கேட்கவில்லை.

குலுக்கினாள். சத்தமில்லை. சுளகின் மேல் கவிழ்த்தாள். ஒரு மணிகூட விழவில்லை. போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்தாள். அரிசி இல்லை. தூளும் இல்லை. துடைத்து வைத்தாற்போல் இருந்தது.

எங்கேயோ மூலையில் சிக்கியிருக்கும். இன்னும் கொஞ்சம் போட்டால் தள்ளிக்கொண்டு வரும்.

இரண்டாவது கைப்பிடி.

இம்முறை சத்தம் கேட்டது… மெல்லிய, ஈரமான சத்தம். யாரோ வாயை மூடுவதுபோல.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பச்சையரிசி. தன் கையால். கடலிலிருந்து வராத ஒருவனுடைய கிற்றாருக்குள்…

வாய்க்கரிசி.

உயிரோடு எங்கேயோ தவிக்கிறவனுக்கா போட்டுவிட்டேன்? அந்தப் பிள்ளையின் நம்பிக்கையை நானே கொன்றுவிட்டேனா? முருகா…

கழற்றிய கம்பிகள் மேசையில் கிடந்தன. கம்பியில்லாத கிற்றார் முனகியது.

துளைக்குள்ளிருந்து குளிர்ந்த காற்று அவள் முகத்தில் பட்டது.

"இன்னும் ஒருக்கா… அக்கா…"

ஓட நினைத்தாள். ஆனால் ஓடவில்லை.

வாய்க்கரிசி மூன்று தரம் போட வேண்டும். இரண்டோடு நிறுத்தினால் அவன் இப்படியே காத்திருப்பான். மூன்றாவதும் போட்டால்… தனுஷிகாவுக்கு இனி எதுவும் இல்லை.

கண்ணை மூடினாள். அரிசியை அள்ளினாள்.

"போய் வா தம்பி."

போட்டாள்.

முனகல் நின்றது.

போன் அடித்தது. தனுஷிகா. அழுகைக்கு நடுவே சொன்னாள். சற்று முன், இங்கே கோயில் மணி கேட்ட நேரம், நிருஷன் கரையொதுங்கியிருந்தான்.

கடலில் விழுந்த முதல் இரவே உயிர் போய்விட்டது என்று வைத்தியர் சொன்னாராம். அதைக் கேட்டு அருந்ததி தனியே இருந்து அழுதாள். கொன்றது தன் கை அல்ல.

செத்தவீட்டில் பெட்டியைத் திறக்கவில்லை. திறக்கும் நிலையில் உடல் இல்லை. வாய்க்கரிசியை மூடியின் மேல்தான் தூவினார்கள். எல்லாரும் போன பிறகு தனுஷிகா அருந்ததியின் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"நான் அவருக்கு வாய்க்கரிசி போடேல்லை அக்கா. ஆனா ஆரோ போட்டிருக்கினம்."

சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்தாள். பிரேத அறையில் வேலை செய்யும் ஒருவர் மனம் கேளாமல் கொடுத்தாராம். அவனுடைய வாய்க்குள் இருந்ததாம்.

பச்சையரிசி. ஒரு கிழமைக்கு மேல் கடலில் கிடந்தவனுடைய வாயில்… ஒரு மணிகூட நனைந்திருக்கவில்லை.

அரிசி முழுவதும் சிப்பித் தூள் மின்னியது.