உள்ளங்கையில் நாலு சொட்டு ஒயின்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், போடியில் ஏலக்காய் வியாபாரியாக ஆளானது இந்த மூக்கை வைத்துத்தான். காயை உள்ளங்கையில் கசக்கி முகர்ந்தால் எந்த மலைச் சரக்கென்று சொல்லிவிடுவேன். ஏலத்தில் எனக்கு இணையாக ஒருவனும் இருந்ததில்லை.

பிரான்சில் வேலை பார்க்கும் என் மகள் போன வருடம் ஒரு சிவப்பு ஒயின் பாட்டில் கொண்டுவந்தாள். மூன்று வகைத் திராட்சையைக் கலந்து, ஓக் மரப் பீப்பாயில் வெகுநாள் வைத்திருந்து எடுத்ததாம்.

"அடுத்த லீவுல வந்து சேந்து குடிப்போம்ப்பா. ஒங்க மூக்குக்கு ஒரு பரீட்ச" என்றாள்.

ஈரம் படக்கூடாதென்று, அதையும் காய் உலர்த்தும் சூட்டறையில் பத்திரமாக வைத்தேன். என் சரக்கெல்லாம் அங்கேதான் கெடாமல் இருக்கும்.

இந்தச் சித்திரையில் வந்து திறந்தாள். நான் நாலு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து முகர்ந்தேன்.

"அடேயப்பா, மர வாசம் தூக்குதே! ஒசந்த சரக்கு, ஆத்தா!"

தம்ளரை மூக்கருகே கொண்டுபோனவள் முகத்தைச் சுளித்தாள்.

"சூட்டுல கெட்டு, புளிச்சுக் காடியாப் போச்சுப்பா. இந்த நாத்தம் ஒங்களுக்குத் தெரியலயா?"

நான் உள்ளங்கையை மறுபடி முகர்ந்து பார்த்துவிட்டு இறக்கினேன்.

"எப்ப இருந்துப்பா வாசம் தெரியாமப் போச்சு?"

"நீ போன பெறகு ஒரு காய்ச்சல் வந்துச்சுல்ல, அதுல இருந்து. நெறத்தப் பாத்துத்தான் காய் எடுக்குறேன். வெளிய சொன்னா எவன் மதிப்பான்?"

அவள் தன் துப்பட்டாவால் என் கையைத் துடைத்துவிட்டாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

தெரியாது. குழம்பு மணக்கிறதா என்று என் மனைவி தினமும் கேட்கிறாள். தெருவே மணக்கிறது என்று நானும் தினமும் சொல்கிறேன்.