பிலோமினா அக்கா நிறுத்தி வைத்த கோப்பு

செய்தி வந்தபோது நான் விழுப்புரம் கலெக்டர் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்காவுக்குக் காய்ச்சல் என்பதால், ஒரு குழந்தையின் தத்து ஆணைக்காக அவருக்குப் பதிலாகப் போயிருந்தேன். எங்கள் இல்லத்துச் சமையல்கார அம்மா போனில், "தேவகி, பிலோமினா அக்கா போயிட்டாங்கம்மா. காலைல நெஞ்சு வலின்னாங்களாம்" என்றார். அடுத்து உள்ளே போக வேண்டியவள் நான். எழுந்து ஓடத்தான் தோன்றியது. ஓடியிருந்தால் அக்காவே திட்டியிருப்பார். ஆணையில் கையெழுத்து ஆன பிறகுதான் அக்காவின் ஊரான கூட்டேரிப்பட்டுக்குப் பஸ் ஏறினேன்.

அக்காவைத் தெரிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. கூட்டேரிப்பட்டில் கூலி வேலை செய்த தாய் தகப்பனுக்குப் பிறந்து, சமூகப்பணி படித்து, திண்டிவனத்தில் எங்கள் குழந்தைகள் இல்லத்துக்கு வந்தவர். நான் அங்கே நர்ஸ். வெளிநாட்டுக்குத் தத்துப் போகும் குழந்தைகளின் காகித வேலை முழுவதும் அக்காவுடையது. தில்லியிலிருந்து தடையில்லாச் சான்று, கலெக்டரின் ஆணை, பிறப்புச் சான்று, பாஸ்போர்ட், விசா. ஒன்று வந்தால்தான் அடுத்ததைக் கேட்க முடியும். நடுவில் மருத்துவ அறிக்கை பழசாகிவிட்டால் குழந்தையை மறுபடி டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நாங்கள் சலித்துக்கொண்டால், "காயிதம் மெதுவா தான் நடக்கும். நாம உக்காந்துட்டா அதுவும் உக்காந்துக்கும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

மலரின் கதையை மட்டும் சொல்கிறேன். மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் தனியாக நின்ற குழந்தை அவள். காது கேட்காது. தன் பெயரைச் சொல்லத் தெரியாததால் மலர் என்று நாங்கள்தான் பெயர் வைத்தோம். போலீஸ் விசாரித்தது, பத்திரிகையில் படம் வந்தது, யாரும் தேடி வரவில்லை. காது கேட்காத குழந்தையைத் தத்தெடுக்க இங்கே எவரும் முன்வராத நிலையில் இத்தாலியிலிருந்து ஒரு தம்பதி முன்வந்தார்கள். அவர்கள் அனுப்பிய புகைப்படத்தை மலர் தலையணைக்கடியில் வைத்திருந்தாள். வாசலில் எந்தக் கார் வந்து நின்றாலும் படத்தை எடுத்துக்கொண்டு ஓடுவாள். இறங்குகிறவர்களின் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள். பிறகு திரும்பி வருவாள்.

தில்லிச் சான்று வந்து, கலெக்டரின் ஆணை மட்டும் பாக்கியிருந்த சமயத்தில் வளவனூர்ப் பக்கத்திலிருந்து சாந்தி என்ற பெண் இல்லத்துக்கு வந்தாள். கரும்பு வெட்டும் தொழிலாளி. அக்காவிடம் நின்றபடியே சொன்னாள்:

"நான் வெளியூருக்குக் கரும்பு வெட்டப் போயிருந்தேங்க. வூட்டுக்காரரு கொழந்தைய மலையனூருக்குக் கூட்டிக்கினு போனாரு. கேட்டா, அவரோட அக்கா வூட்ல வுட்டிருக்கேன்னு சொல்லிக்கினே இருந்தாரு. அவரு செத்த பொறவு தான் அங்கயும் இல்லன்னு தெரிஞ்சுது. எம் பொண்ணுக்கும் காது கேக்காதுங்க."

அவள் போன பிறகு இல்லத்தின் செயலாளர் கொதித்தார். "கடைசி நேரத்துல இன்னாத்துக்கும்மா இந்த பேஜாரு? பேப்பர்ல போட்டப்ப யாரும் வரல. சட்டப்படி எல்லாம் முடிஞ்சுபோச்சு. ஜல்தியா ஆர்டர வாங்கி அனுப்பி வுடுங்க."

அக்கா குரலை உயர்த்தவில்லை. "இப்ப விசாரிச்சா கொஞ்ச மாசம் போவும் சார். பெரியவளான பொறவு அவளுக்குத் தெரிஞ்சா ஒரு ஜென்மம் போவும். நான் இந்த ஃபைல நிறுத்தறேன்."

மறுநாளே குழந்தைகள் நலக் குழுவிடம் போய், வந்த செய்தியைத் தானே தெரிவித்து, மரபணுச் சோதனை கேட்டார். மலரைப் பார்க்க வேண்டும் என்று சாந்தி கெஞ்சினாள். அக்கா சம்மதிக்கவில்லை. "பாத்து, கட்டிப் புடிச்சு, அப்புறம் இல்லன்னு ஆச்சுன்னா ரெண்டு பேருக்குமே தாங்காதும்மா. முடிவு வரட்டும்."

இத்தாலித் தம்பதியிடமும் அவர் எதையும் மறைக்கவில்லை. வீடியோ அழைப்பில் நடந்ததை அப்படியே சொன்னார். அந்த மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். மறுநாள் அவர்களே அழைத்தார்கள். அந்தத் தாய்க்கு முதலில் பதில் கிடைக்கட்டும், நாங்கள் காத்திருக்கிறோம் என்றார்கள். அழைப்பு முடிந்ததும் அக்கா என்னிடம், "புள்ளைய குடுக்கலாம், தேவகி. இவங்க நல்ல ஜனங்க" என்றார். அவ்வளவு காகிதங்களைப் படித்தும் அதுவரை அவர் 'குடுக்கலாம்' என்ற வார்த்தையைச் சொன்னதில்லை.

மலர் காரைக் கண்டால் ஓடுவதும் திரும்புவதுமாக இருந்தாள். மழைக்காலம் போய்ப் பனி இறங்கிய பிறகு முடிவு வந்தது. அவள் சாந்தியின் மகள் அல்ல.

போனில் சொல்லியிருக்கலாம். அக்கா என்னையும் அழைத்துக்கொண்டு வளவனூர் போனார். கரும்புக் கொல்லை ஓரத்தில் வைத்துத்தான் சொன்னார். சாந்தி, "நல்லா பாத்தாங்களாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"நல்லா பாத்தாங்கம்மா. இவ உம் பொண்ணு இல்ல. ஆனா உம் பொண்ணத் தேடறத நாம நிறுத்த வேணாம். கெளம்பு, ஸ்டேஷனுக்குப் போவோம்."

அன்றே புகார் கொடுக்க வைத்தார். பிறகு மற்ற மாவட்டங்களில் உள்ள இல்லங்களுக்கெல்லாம் எழுதினார். விடுமுறை நாட்களில் சாந்தியைக் கூட்டிக்கொண்டு நேரிலும் போனார். அந்தக் குழந்தை இன்னும் கிடைக்கவில்லை.

நிறுத்திய கோப்பை அக்காவே மறுபடி நகர்த்தினார். மருத்துவ அறிக்கை பழசாகியிருந்தது, அதையும் புதிதாக வாங்கினார். அந்தத் தம்பதி வந்து இறங்கிய நாளில் மலர் வழக்கம்போல் படத்தோடு ஓடினாள். பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து படத்தை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, போய் படத்தில் இருந்த பெண்ணின் விரலைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் எல்லோரும் அழுதோம். அக்கா மட்டும் நிமிர்ந்து நின்றார். அந்த நிற்பைப் பார்த்தபோது, இவரோடு வேலை செய்கிறோம் என்பதில் எனக்கு உண்டான பெருமை இன்னும் குறையவில்லை.

அடக்கத்துக்குச் சாந்தி வந்திருந்தாள். பக்கத்தில் நின்ற யாரோ, நீங்க அவங்களுக்கு இன்னா வேணும் என்று கேட்டார்கள். "உம் பொண்ணு இல்லன்னு எங்கிட்ட சொன்னவங்க. அப்புறம் எங்கூடவே தேடிக்கினு வந்தவங்க" என்றாள். அதைவிட நல்ல இரங்கல் உரையை அன்று நான் கேட்கவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். குழந்தையைப் பற்றிய அறிக்கையை அனுப்புமுன் அக்கா அதை அந்தக் குழந்தையிடமே படித்துக் காட்டுவார். காது கேட்காவிட்டால் கையால் சொல்வார். "அவளப் பத்தித் தான எழுதியிருக்கு, அவளுக்குத் தெரிய வேணாமா?" என்பார். இப்போது அந்த வேலையை நான் செய்கிறேன். போன வாரம் ஒரு சிறுமிக்குப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லா பாடுவேன்னு நீ எழுதவே இல்லையே" என்றாள். பாடச் சொன்னேன். பாடினாள். எழுதிச் சேர்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.